காவேரிப்பட்டணத்திலிருந்து டெக்சாஸுக்கு: பிள்ளைகளின் பள்ளியைப் பற்றி ஒரு பதில்

அன்புள்ள தம்பி,

வரும் ஜூன் மாதம் காவேரிப்பட்டணத்திலிருந்து குடும்பத்தோடு டாலஸ் புறநகருக்கு வரப்போவதாகவும், அதற்குள் மகள் ஐந்தாம் வகுப்பையும் மகன் யு.கே.ஜி.யையும் முடித்துவிடுவார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். கட்டணம் இல்லாத பொதுப் பள்ளியை நம்பலாமா, கடன் பட்டாவது தனியார் பள்ளியில் சேர்க்க வேண்டுமா, சார்ட்டர் பள்ளி என்பது என்ன, எங்கே சேர்த்தாலும் நம் வீட்டு வழக்கமும் பேச்சும் பிள்ளைகளிடம் தங்குமா என்பவை உங்கள் கேள்விகள். மகளை மட்டும் ராசிபுரம் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் விட்டுவிட்டு வரலாமா என்றும் யோசிக்கிறீர்கள். நான் பாலக்கோட்டுக்காரன், என் பிள்ளைகள் இருவரும் டெக்சாஸ் பொதுப் பள்ளிகளிலேயே படித்தார்கள். உங்கள் பிள்ளைகளையும் பொதுப் பள்ளியிலேயே சேருங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் நம் ஊரில் பள்ளியில் சேர்ப்பது போல இங்கே சேர்த்துவிட்டு ஒதுங்கிவிட முடியாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஊத்தங்கரையிலோ நாமக்கல் பக்கத்திலோ நல்ல ரிசல்ட் காட்டும் மெட்ரிக் பள்ளி எது என்று விசாரித்து, தவணையில் கட்டணம் கட்டி, பிள்ளையை விடியற்காலையில் வேனில் ஏற்றிவிடுகிறோம் அல்லது விடுதியில் விட்டுவிடுகிறோம். அதன் பிறகு ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடுவதைத் தவிர நமக்கு அங்கே வேலை இருப்பதில்லை. "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்று வாத்தியாரிடம் சொல்லிப் பிள்ளையை ஒப்படைத்த தலைமுறையின் பிள்ளைகள் நாம். பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருடம் உருப்போட வைத்த பள்ளிகளை நோக்கிப் பெற்றோராகிய நாம் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. 2017-18ஆம் கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் அரசு பொதுத்தேர்வைக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

இங்கே நீங்கள் முதலில் தேர்ந்தெடுப்பது பள்ளியை அல்ல, வீட்டை. டெக்சாஸில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன; ஏறக்குறைய ஒவ்வொன்றும் நகராட்சியைச் சாராமல் தானே சொத்துவரி வசூலித்துத் தன் பள்ளிகளை நடத்துகிறது. எந்தத் தெருவில் குடியிருக்கிறீர்களோ அந்தத் தெருவுக்கு ஒதுக்கப்பட்ட பள்ளியில்தான் பிள்ளைக்கு இடம். மாநிலத்தில் வருமான வரி கிடையாது. ஆனால் வீட்டு வரி கனமானது, அதில் பெரும்பங்கு பள்ளிக்கே போகிறது. வாடகை வீடாக இருந்தாலும் அந்த வரி வாடகைக்குள் இருக்கும். ஆகவே பொதுப் பள்ளியை இலவசம் என்று நினைக்க வேண்டாம். அதற்கான பணத்தை நீங்கள் ஏற்கெனவே கட்டிவிடுகிறீர்கள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு, அந்த வீட்டு முகவரியைப் பள்ளி மாவட்டத்தின் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரே குடியிருப்பில் தெருவின் இந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கும் எதிர்ப்பக்கம் வேறொரு பள்ளிக்கும் போவது உண்டு.

வீடு தேடும் தளங்களில் ஒவ்வொரு பள்ளிக்கும் பத்துக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் காட்டுவார்கள். மாநில அரசும் ஏ முதல் எஃப் வரை தரம் போடுகிறது. நம்மவர்கள் 9, 10 வாங்கிய பள்ளிகளின் எல்லைக்குள்ளேயே வீடு தேடி நெருக்கியடிக்கிறார்கள். அந்த எண்ணில் பெரும்பகுதி தேர்வு மதிப்பெண்ணிலிருந்து வருவது. தேர்வு மதிப்பெண்ணோ, அங்கே குடியிருக்கும் குடும்பங்களின் வருமானத்தையும் படிப்பையும் ஒட்டியே பெரும்பாலும் ஏறி இறங்குவது. ஆசிரியர் எப்படி நடத்துகிறார் என்பதை அது உங்களுக்குச் சொல்லாது. இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. டெக்சாஸில் 1997ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் முதல் பத்து சதவீதத்துக்குள் வரும் மாணவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம் உண்டு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்துக்கு மட்டும் அந்த வரம்பு குறுகிக்கொண்டே வந்து 2026 சேர்க்கைக்கு 5 சதவீதமாகியிருக்கிறது. எல்லோரும் கெட்டிக்காரப் பிள்ளைகளாக இருக்கும் பள்ளியில் அந்த ஐந்துக்குள் நுழைய நடக்கும் போட்டியில் பதினான்கு வயதுப் பிள்ளைகள் தூக்கம் கெட்டு வாடுவதை நான் பார்த்திருக்கிறேன். நாமக்கல் விடுதியிலிருந்து தப்பித்து வந்து இங்கே அதே விடுதியை வீட்டுக்குள் கட்டிக்கொள்ள வேண்டாம். 6, 7 வாங்கிய பள்ளியாக இருந்தாலும் நேரில் போய்ப் பாருங்கள். தலைமையாசிரியரிடம் பேச நேரம் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

சார்ட்டர் பள்ளியும் அரசுப் பணத்தில் நடப்பதே, கட்டணம் கிடையாது. மின்னசோட்டா மாநிலம் 1991இல் தொடங்கிவைத்த ஏற்பாடு இது. டெக்சாஸ் 1995இல் சட்டம் செய்தது. தெரு எல்லை பார்க்காமல் விண்ணப்பிக்கலாம், இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். பல பள்ளிகளுக்குப் பேருந்து கிடையாது. நிர்வாகக் குழுவும் மக்கள் தேர்ந்தெடுத்தது அல்ல. பிள்ளையின் இயல்புக்குப் பொருந்தும் பள்ளி அருகில் இருந்தால் விண்ணப்பியுங்கள், ஆனால் அதை நம்பி வீடு பார்க்காதீர்கள். தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு மாநிலமே பணம் தரும் திட்டம் ஒன்றுக்கு 2025இல் சட்டம் வந்து, 2026-27 கல்வியாண்டுக்கு 100 கோடி டாலர் ஒதுக்கியிருக்கிறார்கள். விண்ணப்பம் மிகுந்தால் உடற்குறை உள்ள பிள்ளைகளுக்கும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் முன்னுரிமை என்பதால், உங்களைப் போன்ற மென்பொருள் சம்பளக்காரர் அதைக் கணக்கில் வைத்துத் திட்டமிடுவது சரியாகாது. பெற்றோர் கையில் பணத்தைக் கொடுத்துப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கவிடலாம் என்று பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் 1955லேயே எழுதினார். அந்த வாதம் இங்கே இன்னும் ஓயவில்லை. என் கருத்தைக் கேட்டால், நம் பகுதியில் அது வேறு உருவில் ஏற்கெனவே நடந்துவிட்டது. வசதியுள்ள பெற்றோர் எல்லோரும் அரசுப் பள்ளியை விட்டு விலகிய பிறகு, அங்கே கேள்வி கேட்க யார் மிஞ்சினார்கள்? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வர முடியாத தாய்மார்தான் அந்தக் குழுவில் பெயராக இருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி, 68.5 சதவீதம். அப்படிப்பட்ட மாவட்டத்தில் அரசுப் பள்ளி பலவீனப்படுவது எத்தனை பிள்ளைகளின் வாழ்க்கையைத் தொடுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இனி, வீட்டு வழக்கம் தங்குமா என்ற கேள்வி. உங்கள் கடிதத்தில் உண்மையான கவலை இதுதான் என்று படித்தபோதே தோன்றியது. இந்த நாட்டில் பிள்ளை அரசின் உடைமை அல்ல என்பது சட்டமாகவே இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் பொதுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று ஆரிகன் மாநிலம் செய்த சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1925இல் தள்ளுபடி செய்தது. வளர்க்கும் பொறுப்பும் உரிமையும் பெற்றோருடையது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். பொதுப் பள்ளிக்குள்ளும் அந்த உரிமை தொடர்கிறது. டெக்சாஸ் கல்விச் சட்டத்தின் 26ஆம் அத்தியாயம் முழுவதும் பெற்றோர் உரிமைகளே. பிள்ளையைப் பற்றிப் பள்ளி வைத்திருக்கும் பதிவுகளையும், வகுப்பில் பயன்படுத்தும் பாடப்பொருளையும் நீங்கள் கேட்டுப் பார்க்கலாம். உங்கள் சமய நம்பிக்கைக்கோ ஒழுக்க நம்பிக்கைக்கோ முரணான ஒரு வகுப்பிலிருந்தோ செயல்பாட்டிலிருந்தோ பிள்ளையைத் தற்காலிகமாக விலக்கி வைக்கும்படி எழுதிக் கொடுக்கலாம். தேர்வைத் தவிர்க்கவும், ஒரு பாடத்தைப் பருவம் முழுவதும் படிக்காமல் இருக்கவும் இதைப் பயன்படுத்த முடியாது.

காலையில் முதல் மணி அடித்ததும் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும். பிள்ளைகள் எழுந்து நெஞ்சில் கைவைத்து அமெரிக்கக் கொடிக்கு ஒரு உறுதிமொழி, டெக்சாஸ் கொடிக்கு ஒரு உறுதிமொழி சொல்வார்கள். பிறகு ஒரு நிமிட மௌனம். அந்த ஒரு நிமிடத்தில் பிரார்த்திக்கலாம், சும்மாவும் நிற்கலாம். என் மகள் கந்தர் சஷ்டி கவசத்தின் முதல் வரிகளை மனதுக்குள் சொல்லிக்கொள்வாள் என்று பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. உறுதிமொழி வேண்டாம் என்றால் பெற்றோர் ஒரு கடிதம் கொடுத்தால் போதும். கொடி வணக்கத்துக்குப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1943லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீபாவளி அன்று விடுமுறை இல்லாத மாவட்டமாக இருந்தாலும், சமயத் திருநாள் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் அந்த நாளை வராத நாளாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

நீங்கள் கவனமாக இருக்க வேண்டிய இடமும் உண்டு. பைபிள் கதைகள் பலவற்றைச் சேர்த்த தொடக்கப் பள்ளி வாசிப்புப் பாடத்திட்டம் ஒன்றுக்கு மாநிலக் கல்வி வாரியம் 2024 நவம்பரில் 8-7 என்ற வாக்கில் ஒப்புதல் தந்தது. அது கட்டாயம் அல்ல. ஏற்கும் மாவட்டங்களுக்கு ஊக்கத்தொகை உண்டு. உங்கள் மாவட்டம் எதை நடத்துகிறது என்று சேர்க்கையின்போதே கேளுங்கள். வகுப்பறைகளில் பத்துக் கட்டளைகளை மாட்ட வேண்டும் என்ற 2025ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களில் கிறிஸ்தவ, யூதக் குடும்பங்களோடு இந்துக் குடும்பமும் இருந்தது. மறுபக்கம், மேரிலாண்ட் மாநிலத்தின் மாண்ட்கோமரி கவுண்டியில், தன்பாலின உறவைப் பேசும் கதைப்புத்தகங்கள் வாசிக்கப்படும் வகுப்பிலிருந்து தங்கள் பிள்ளைகளை விலக்கி வைக்கக் கேட்ட முஸ்லிம், கிறிஸ்தவப் பெற்றோருக்கு ஆதரவாக 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-3 என்று தீர்ப்பளித்தது. இந்த உரிமை உங்கள் பிள்ளைக்கு மட்டுமானது என்பதை மறக்காதீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை எதைப் படிக்க வேண்டும் என்று முடிவுசெய்ய அது உங்களுக்கு அதிகாரம் தரவில்லை, தரவும் கூடாது. உடல் வளர்ச்சி, மாதவிடாய் பற்றிய வகுப்பு வந்தால், தயவுசெய்து பிள்ளையை விலக்கி வைக்காதீர்கள்; சம்மதக் கையெழுத்துக் கேட்டால் போட்டுக் கொடுங்கள். நம் ஊர்ப்பக்கம் பெண் பிள்ளைகள் பலர் அதைத் தெரிந்துகொள்ளாமலே திருமணம் வரை போய்விடுகிறார்கள்; உங்கள் மகள் தெரிந்துகொள்ளட்டும்.

சேர்க்கைப் படிவங்களில் வீட்டில் பேசும் மொழி எது என்று ஒரு தாள் இருக்கும். ஆங்கிலம் என்று எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளையைத் தனி வகுப்பில் போட்டுவிடுவார்கள் என்று நம்மவர்களே சொல்வார்கள். தமிழ் என்றே எழுதுங்கள். அதன்பின் ஆங்கிலத் திறனைச் சோதிப்பார்கள். போதவில்லை என்றால் கூடுதல் உதவி தருவார்கள், அதற்கும் உங்கள் சம்மதம் வேண்டும். சம்மதிக்காமல் விட்டாலும் ஆண்டுதோறும் வரும் ஆங்கிலத் திறன் தேர்வைப் பிள்ளை எழுதியாக வேண்டும் என்பதால், உதவியை வாங்கிக்கொள்வதே நல்லது. சான்பிரான்சிஸ்கோவின் சீனப் பிள்ளைகளுக்காகத் தொடுத்த வழக்கில் 1974இல் வந்த தீர்ப்பு, இந்த உதவியைப் பள்ளியின் கடமையாக்க வழி செய்தது. ஓசூர், தளி, வேப்பனப்பள்ளிப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற குடும்பங்களை உங்களுக்குத் தெரியும். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கியபோது மொழிச் சிறுபான்மையினர் விலக்குக் கேட்டு நீதிமன்றம் போனார்கள். அன்று அதை நாம் பெரும்பான்மையின் இடத்தில் நின்று பார்த்தோம். இங்கே வந்த பிறகுதான் அந்தப் பெற்றோரின் மனம் எனக்குப் புரிந்தது. பள்ளி தமிழைக் கற்பிக்காது. அது வீட்டுப் பேச்சிலும், வார இறுதித் தமிழ்ப் பள்ளியிலும்தான் நிற்கும்.

பெற்றோர் ஆசிரியர் சந்திப்புக்கு இருவருமே போங்கள். ஆசிரியர் உங்கள் பிள்ளையின் எழுத்துத் தாள்களை ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு, "இவளைப் பற்றி நான் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?" என்று கேட்கக்கூடும். "நன்றாகப் படிக்க வையுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வராதீர்கள். மாட்டிறைச்சி சாப்பிட மாட்டாள், புது இடத்தில் ஒரு மாதம் பேசாமல் இருப்பாள், கணக்கு அவளுக்குப் பிடிக்கும் என்று சொல்லுங்கள். பள்ளி மாவட்டத்தின் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு உங்களுக்குக் கிடையாது, அதற்குக் குடியுரிமை வேண்டும். ஆனால் அதன் கூட்டத்தில் எழுந்து பேசும் உரிமை உண்டு.

மகளை ராசிபுரத்தில் விடும் யோசனையை விட்டுவிடுங்கள் தம்பி. இங்கே பெரும்பாலான மாவட்டங்களில் ஆறாம் வகுப்பில்தான் நடுநிலைப் பள்ளி தொடங்குகிறது. பல தொடக்கப் பள்ளிகளிலிருந்து எல்லாப் பிள்ளைகளும் புதிதாக வந்து சேரும் ஆண்டு அது. அவள் ஒருத்தி மட்டும் புதியவளாக இருக்க மாட்டாள். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் வந்தாலோ, உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்கத் தேவையான பாட மதிப்புகளும் தர வரிசையும் அந்த ஆண்டிலிருந்தே கணக்காகிவிடும் என்பதால் சுமை இரட்டிப்பாகும். நம் வழக்கம் அவளிடம் தங்க வேண்டும் என்பதற்காக அவளை விடுதிக் காப்பாளரிடம் விடுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. அதை அவள் உங்களிடமும் தன் அம்மாவிடமும்தான் கற்றுக்கொள்ள வேண்டும். பிறப்புச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், ஆரம்ப சுகாதார நிலையத்தின் தடுப்பூசி அட்டை மூன்றையும் கைப்பையிலேயே எடுத்து வாருங்கள். சின்னம்மைக்கும் ஹெப்படைட்டிஸ் ஏ நோய்க்குமான ஊசிகளையும் இங்கே கேட்பார்கள். அவை அட்டையில் இல்லையென்றால் கிருஷ்ணகிரியிலேயே குழந்தை மருத்துவரிடம் போட்டுச் சான்று வாங்கிவிடுங்கள். ஆகஸ்ட் நடுவில் பள்ளி திறந்துவிடும்.