கோபுர உச்சியில் மரம் நிற்கும் நீதிமன்றம்: கேள்வி பதில்

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் கிரீன்ஸ்பர்க், 12 ஆயிரம் பேர் அளவில் வசிக்கும் சிற்றூர். அங்குள்ள டெகேட்டர் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில் 1870களிலிருந்து மரம் வளர்ந்து வருகிறது. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பழைய கட்டடப் பராமரிப்பு அறிந்த பொறியாளர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: படத்தைப் பார்த்தால் ஒட்டுவேலை மாதிரி இருக்கு சார். நிஜமாவே மரம்தானா?

நிஜ மரம்தான். கட்டடம் 1854இல் தொடங்கி 1860இல் முடிந்தது. வரைந்தவர் எட்வின் மே; பின்னாளில் இண்டியானா மாநிலத் தலைமைச் செயலகக் கட்டடத்தையும் அவரே வடிவமைத்தார். கோபுரம் சுமார் 110 அடி உயரம். மரம் இல்லாவிட்டாலும் நின்று பார்க்க வேண்டிய கட்டடம். மரத்தின் புகழில் அது மறைந்துபோவதில் எனக்கு வருத்தம் உண்டு.

கேள்வி: மேலே மண் கொட்டி வைத்தார்களா? தண்ணீர் யார் ஊற்றுகிறார்கள்?

யாரும் நடவில்லை. அந்த உயரத்துக்கு விதை போக எளிய வழி பறவையின் எச்சம். காற்றில் வரும் தூசியும் உதிர்ந்த காரையும் மட்கிய இலையும் கல்லிடுக்கில் சேர்ந்தால் முளைக்க அதுவே போதும். நீர் மழையும் பனியும் தருவது. அந்தக் காலத்துச் சுவர்களில் பெரும்பாலும் சுண்ணாம்புக் கலவைதான். அது ஈரத்தை உறிஞ்சி வைத்து மெதுவாக விடும், வேருக்கும் அது கிடைக்கும். மண் கொஞ்சம் என்பதால், தொட்டியில் அடைத்த செடி போல மரம் குறுகியே நிற்கிறது.

கேள்வி: ஆஸ்பென் என்று ஓரிடத்தில், மல்பெரி என்று ஓரிடத்தில் படித்தேன். எது சரி?

மல்பெரி, அதாவது முசுக்கட்டை. வெகுகாலம் ஆஸ்பென் என்ற குளிர்நாட்டு மரத்தில் ஒரு வகை என்றே சொல்லி வந்தார்கள். அமெரிக்காவின் அருங்காட்சியக, ஆய்வு அமைப்பான ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அறிஞர்கள் பார்த்து மல்பெரி என்றார்கள். பறவைகள் விரும்பித் தின்னும் பழம் என்பதால் கோபுர உச்சிக்கு விதை போனதற்கும் அது பொருந்துகிறது.

கேள்வி: 150 வருஷமா ஒரே மரமா?

இல்லை. முதல் மரத்தைத் தொடர்ந்து இன்னும் ஐந்து கன்றுகள் முளைத்தன. கூரை கெடும் என்று 1880களில் உயரத்தில் வேலை செய்யும் ஆளை வைத்துச் சிலவற்றை வெட்டி, இரண்டை விட்டார்கள். அவற்றில் ஒன்று 15 அடி வரை வளர்ந்தது, அடிமரம் கிட்டத்தட்ட 5 அங்குலக் குறுக்களவு. அது பட்டுப்போகுமுன் வேறொன்று தலைகாட்டியது. அப்படியே தொடர்கிறது.

கேள்வி: வணக்கம் ஐயா. எங்கள் ஊர்க் கோயில் விமானத்தில் அரசங்கன்று ஆண்டுக்கு ஆண்டு வெட்டியும் துளிர்க்கிறது. என்ன செய்வது?

அரசும் ஆலும் மல்பெரியும் ஒரே குடும்பம். வெட்டினால் துளிர்ப்பது மூன்றுக்கும் இயல்பு. முதல் விதி, பிடுங்காதீர்கள். வேர் கல்லைக் கவ்வியிருக்கும், இழுத்தால் கல்லோடு வரும். தண்டைச் சுவரை ஒட்டி வெட்டி, வெட்டிய சில நிமிடங்களுக்குள் வெட்டுமுகத்தில் களைக்கொல்லி தடவ வேண்டும். தாமதித்தால் வெட்டுமுகம் காய்ந்து, மருந்து வேருக்கு இறங்காது. தண்டு தடிமனாக இருந்தால் துளையிட்டு உள்ளே விடுங்கள். உரிமம் பெற்ற ஆளை வைத்துச் செய்வதே முறை. அடுத்த பருவம் வரை துளிர் வராததை உறுதி செய்த பிறகே பூச்சு வேலை.

கேள்வி: பிறகு சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாமா?

கூடாது. இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். சிமெண்ட் பழைய செங்கல்லை விடக் கடினம். ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் வழியே போய் அதன் முகம் உதிரும். கற்களுக்கு இடையிலான இணைப்பின் அகலத்தைப் போல 2 முதல் 2½ மடங்கு ஆழம் வரை பழைய காரையைக் கையாலேயே சுரண்டி எடுங்கள். நனைத்து, 1 பங்கு சுண்ணாம்புக்கு 2½ அல்லது 3 பங்கு மணல் கலந்து, கால் அங்குலக் கனமாக அடுக்கடுக்காகத் திணியுங்கள். ஒவ்வோர் அடுக்கும் கட்டைவிரல் தடம் பதியும் அளவுக்கு இறுகிய பின் அடுத்தது. ஈரச்சாக்கு போட்டுச் சில நாள் காயவிடாமல் வையுங்கள்.

கேள்வி: அப்படியானால் கிரீன்ஸ்பர்க்கில் மரத்தை விட்டுவைத்தது தப்புதானே?

பொறியாளராகக் கேட்டால், எந்தக் கோபுரத்திலும் மரம் வேண்டாம் என்பேன். வேர் பருத்து இடுக்கைத் திறக்கும், நீர் இறங்கும், உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிந்து கல்லை நெட்டித் தள்ளும். இண்டியானா குளிர்காலத்தில் இது பலமுறை நடக்கும். ஆனால் அந்த ஊருக்கு மரநகரம் என்ற பெயரே இதனால்தான் வந்தது. விட்டுவைப்பது என்று ஊர் முடிவு செய்தால் அதற்குரிய வேலையையும் ஏற்க வேண்டும்: ஆண்டுதோறும் பனிக்காலம் முடிந்ததும் மேலே ஏறி, மரத்தைச் சுற்றிய இணைப்புகளில் விரிசல், உட்பக்கச் சுவரில் ஈரக்கறை, கல் நகர்வு மூன்றையும் பார்க்க வேண்டும். புதுக் கன்றுகளைத் தண்டு விரல் கனம் ஆகுமுன்பே எடுத்துவிட வேண்டும். 1880களில் எல்லாவற்றையும் அழிக்காமல் சிலவற்றை மட்டும் வெட்டியது அன்றைக்குச் சரியான முடிவு.