பயணம் கேளுங்க: நாலு நாடு, ஒரு பை, கம்மி பட்ஜெட்

கேள்வி: வணக்கம் அண்ணா. நானும் என் ஃப்ரெண்டும் வேலையில ஒரு மாசம் லீவு வாங்கிட்டோம். தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா, மலேசியா, சிங்கப்பூர்னு ஆறு நாட்டையும் ஒரே ட்ரிப்ல பாத்துடலாம்னு ஐடியா. காசு கம்மிதான், ஹாஸ்டல்ல தங்கி பஸ்லயே போய்க்குவோம். எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கறது, எதெல்லாம் முன்னாடியே புக் பண்ணணும்?

பதில்: தம்பி, முதல்ல மலேசியாவையும் சிங்கப்பூரையும் லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க. நல்லா இருக்காதுன்னு சொல்லல, முப்பது நாளுக்கு ஆறு நாடு தாங்காது. கம்மி பட்ஜெட்ல போறவங்க காசு பெரும்பாலும் தங்கறதுலயோ சாப்பிடறதுலயோ போறதில்ல, இடம் மாறறதுல தான் போகுது. ஒவ்வொரு தடவை ஊர் மாறும்போதும் பஸ் டிக்கெட், பஸ் ஸ்டாண்டுக்கு போக ஒரு வண்டி, இறங்குன இடத்துல இன்னொரு வண்டி, நடுவுல பசிக்கு எதையோ அதிக விலைக்கு வாங்கறது, இதோட அன்னிக்கு ஒரு நாளே போயிடும். ஆறு நாட்டுல பன்னெண்டு ஊர்னு வெச்சுக்கிட்டா மாசத்துல மூணுல ஒரு பங்கு நாள் பஸ் ஜன்னல்ல தான் கழியும். நாலு நாடு போதும். அதுலயும் ஒரு ஊர்ல மூணு ராத்திரியாவது தங்குங்க, ரெண்டாவது நாள் தான் எந்த கடையில சாப்பாடு மலிவு, எந்த வழியா நடந்து போலாம்னே தெரியும்.

ரூட்டு இப்படி போடுங்க. பாங்காக்ல இறங்கி ராத்திரி ஸ்லீப்பர் ட்ரெயின்ல சியாங் மாய். ட்ரெயின் பழைய ஹுவா லம்போங் ஸ்டேஷன்ல இருந்து கிளம்பாது, 2023 ஜனவரியில இருந்து தூரம் போற வண்டியெல்லாம் க்ரூங் தெப் அபிவத் ஸ்டேஷனுக்கு மாத்திட்டாங்க, பழைய தகவலை பாத்துட்டு தப்பான ஸ்டேஷனுக்கு போயிடாதீங்க. சியாங் மாய்ல இருந்து சியாங் ராய் வழியா சியாங் கோங் எல்லைக்கு வந்து, பாலம் தாண்டினா லாவோஸ் பக்கம் ஹுவாய் சாய். அங்க இருந்து மெகாங் ஆத்துல மெதுவா போற படகு ரெண்டு நாள் போய் லுவாங் ப்ராபாங்ல விடும், நடுவுல பாக்பெங்னு ஒரு சின்ன ஊர்ல ராத்திரி தங்கல். நேரம் ஜாஸ்தி ஆகும் தான், ஆனா இந்த முழு ட்ரிப்லயும் ஒண்ணே ஒண்ணு தான் மிஸ் பண்ணக்கூடாதுன்னா நான் இந்தப் படகைத் தான் சொல்வேன். ரெண்டு பக்கமும் மலை, கரையோர கிராமத்துல ஆளுங்க மூட்டையோட ஏறி இறங்கறது, வேற எதுவும் பண்ண முடியாம ரெண்டு நாள் சும்மா உக்காந்திருக்கறது, அதெல்லாம் எந்த டூர் பேக்கேஜ்லயும் கிடைக்காது.

லாவோஸ்குள்ள முன்ன மலைப்பாதையில ஒரு பகல் பூரா பஸ்ல குலுங்கணும். 2021 டிசம்பர்ல சீனாவோட சேர்ந்து போட்ட ரயில் ஓட ஆரம்பிச்சதுல இருந்து லுவாங் ப்ராபாங் டு தலைநகர் வியன்டியான் சுமாரா ரெண்டு மணி நேரம் தான், வாங் வியங்கும் அதே லைன்ல இருக்கு. இந்த டிக்கெட் சீக்கிரம் தீந்துடும், லுவாங் ப்ராபாங் போன உடனே வாங்கிடுங்க.

அடுத்து வியட்நாம்ல ஹனோய். லாவோஸ்ல இருந்து பஸ்ல போனா ஒரு நாள் பூரா ஆகும், மலை ரோடு வேற, அதனால விமானம் மலிவா கிடைச்சா இந்த ஒரு இடத்துல மட்டும் யோசிக்காம அதுல போயிடுங்க. ஹனோய்ல இருந்து ஹோ சி மின் சிட்டிக்கு ரயில் பாதை 1,726 கிலோமீட்டர். ஒரே மூச்சா போகாதீங்க, ஹுவேல இறங்குங்க, டா நாங்ல இறங்கி ஹோய் ஆன் போங்க. ஹுவே டு டா நாங் துண்டை மட்டும் பகல் வண்டியில போங்க, ரயில் கடலை ஒட்டி மலை மேல வளைஞ்சு போற இடம் அது.

ஹோ சி மின்ல இருந்து பஸ்ல மோக் பாய் எல்லை தாண்டி கம்போடியா தலைநகர் புனோம் பென், அப்புறம் சியம் ரீப்ல அங்கோர் கோயிலுங்க. திரும்பி வர ஃப்ளைட்டை பாங்காக்ல இருந்து போடாதீங்க, கம்போடியாவுல இருந்தே கிளம்புற மாதிரி புக் பண்ணுங்க, வந்த வழியே திரும்பற செலவு மிச்சம். அதோட தாய்லாந்து கம்போடியா தரை எல்லையை 2025 ஜூன்ல மூடிட்டாங்க, அடுத்த மாசமே ரெண்டு நாட்டுக்கும் சண்டை வந்துச்சு, அதனால அந்த எல்லையை நம்பி ப்ளானே போட வேணாம்.

முன்னாடியே புக் பண்ண வேண்டியது போற வர ஃப்ளைட்டு, முதல் ரெண்டு ராத்திரி தங்கற இடம், வியட்நாம் ஈ-விசா, அவ்வளவு தான். அந்த விசா ஃபார்ம்ல எந்த எல்லை வழியா உள்ள வரீங்கன்னு கேப்பாங்க, அதை கவனமா போடுங்க, பேரும் பாஸ்போர்ட்ல உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கணும். தாய்லாந்துக்கு 2025 மே மாசத்துல இருந்து டிஜிட்டல் வருகை அட்டை ஆன்லைன்ல நிரப்பணும், அது இலவசம், காசு கேக்கற சைட்டுன்னா அரசாங்க சைட் இல்லன்னு அர்த்தம். பாஸ்போர்ட் ஆறு மாசத்துக்கு மேல செல்லுபடியாகுதான்னு இன்னிக்கே எடுத்து பாத்துடுங்க.

கேள்வி: இதே பக்கம் போக எந்த மாசம் நல்லது?

பதில்: நவம்பர்ல இருந்து பிப்ரவரி பாதி வரைக்கும். ஆனா நவம்பர்ல ஹுவே, ஹோய் ஆன் பக்கம் மழை வெள்ளம் இருக்கும், மத்த இடம் காஞ்சிருக்கும்போது அங்க மட்டும் கொட்டும். பிப்ரவரி கடைசியில இருந்து ஏப்ரல் வரை வடக்கு தாய்லாந்துலயும் லாவோஸ்லயும் வயலையும் காட்டையும் எரிக்கற புகை, மூச்சு பிரச்சனை உள்ளவங்க அப்ப போகவே கூடாது. வியட்நாம் புத்தாண்டு டெட் வர வாரத்துல டிக்கெட் கிடைக்காது, கடையும் பாதி மூடியிருக்கும், தேதி பாத்து தள்ளி போடுங்க.

கேள்வி: அக்கவுண்ட்ல இருக்கற பணத்தை எப்படி எடுத்துட்டு போறது? எல்லாத்தையும் டாலரா மாத்திக்கலாமா சார்?

பதில்: எல்லாத்தையும் வேணாம்மா. ரெண்டு வேற வேற பேங்க் கார்டு, ரெண்டையும் ஒரே பர்ஸ்ல வெக்காதீங்க. கூட கொஞ்சம் டாலர் நோட்டு. கம்போடியாவுல ரியெலும் டாலரும் சேர்ந்தே ஓடுது, ஆனா ஓரம் லேசா கிழிஞ்ச டாலரை கூட வாங்க மாட்டாங்க, புது நோட்டா கேட்டு வாங்குங்க. தாய்லாந்து ஏடிஎம்ல வெளிநாட்டு கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் 200 பாட் (அந்த நாட்டு பணம்) மேல பிடிப்பாங்க, அதனால சின்ன சின்னதா எடுக்காம மொத்தமா ஒரு தடவை எடுங்க. மெஷின்ல "உங்க ஊர் கரன்சியில கணக்கு போடவா"ன்னு கேட்டா வேணாம்னு அமுக்கிட்டு அந்த நாட்டு கரன்சியையே தேர்ந்தெடுங்க, அவங்க ரேட்ல போட்டா நஷ்டம் உங்களுக்கு தான். லாவோஸ் பணமான கிப்பை எல்லை தாண்டினா யாரும் மாத்தி தர மாட்டாங்க, கிளம்பறதுக்குள்ள செலவு பண்ணிடுங்க.

அங்கோர் டிக்கெட்டை மட்டும் பட்ஜெட்ல தனியா எழுதிக்குங்க. ஒரு நாளைக்கு 37 டாலர், மூணு நாளைக்கு 62. மூணு நாள் டிக்கெட்டை தொடர்ந்து யூஸ் பண்ணணும்னு இல்ல, 10 நாளுக்குள்ள எந்த மூணு நாளும் போலாம், அதனால ஒரு நாள் கோயில், ஒரு நாள் ஓய்வுன்னு மாத்தி மாத்தி போங்க. வேற ஏதாவது ஒரு டூரை விட்டாலும் பரவால்ல, இதுக்கு மூணு நாள் குடுங்க.

கேள்வி: டிராவல் இன்சூரன்ஸ் கட்டாயமா? அந்த காசுல ரெண்டு நாள் சுத்தலாமேன்னு தோணுது. வியட்நாம்ல பைக் வாடகைக்கு எடுத்து ஓட்டணும்னு ஆசை.

பதில்: கட்டாயம். எதை குறைச்சாலும் இதை குறைக்காதீங்க. காய்ச்சல்னு ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில படுத்தா கூட மிச்சம் பிடிச்சதெல்லாம் போயிடும், எலும்பு முறிஞ்சு ஆபரேஷன்னு வந்தா வீட்டுல இருக்கறவங்க கடன் வாங்கி அனுப்ப வேண்டியிருக்கும். பாலிசி எடுக்கும்போது மருத்துவ செலவு எவ்வளவு வரைக்கும், நோயாளியை விமானத்துல ஊருக்கு கொண்டு வர செலவு உண்டான்னு இந்த ரெண்டை தான் முதல்ல பாக்கணும், பை தொலைஞ்சா எவ்வளவு தருவாங்கங்கறது அப்புறம்.

பைக் விஷயத்துல தான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க. கடைக்காரர் லைசென்ஸ் கேக்காம சாவியை குடுத்துடுவார், ஆனா அந்த நாட்டுல செல்லுபடியாகற லைசென்ஸ் இல்லாம விபத்து நடந்தா இன்சூரன்ஸ் பணம் வராது. வியட்நாம் 1968 வியன்னா ஒப்பந்தப்படி குடுத்த சர்வதேச டிரைவிங் பெர்மிட்டை தான் ஏத்துக்கும், 1949 ஜெனீவா ஒப்பந்த பெர்மிட்டை ஏத்துக்காது. உங்க பெர்மிட் அட்டையில எந்த வருஷம்னு அச்சடிச்சிருப்பாங்க. 1949ன்னா பைக் ஓட்டாதீங்க, டிரைவரோட பின்னாடி உக்காந்து போற டூர் எல்லா ஊர்லயும் இருக்கு, அதுல மலைப்பாதையை நல்லா பாத்துட்டும் வரலாம்.

இன்னொண்ணும் சொல்லணும். ஹாஸ்டல்ல இலவசமா ஊத்தித் தர சாராயத்தை தொடாதீங்க. 2024 நவம்பர்ல வாங் வியங்ல மெத்தனால் கலந்த மது குடிச்சு வெளிநாட்டு பயணிங்க ஆறு பேர் செத்துப் போனாங்க, அதுல ரெண்டு பேர் 19 வயசு பொண்ணுங்க. குடிக்கறவங்க சீல் உடைக்காத பீரோட நிறுத்திக்குங்க.

கேள்வி: எவ்வளவு பெரிய பை வாங்கறது?

பதில்: 40 லிட்டர். மலிவு ஏர்லைன்ஸ் நிறைய இடத்துல கையோட கொண்டு போறதுக்கு 7 கிலோ தான் விடுவாங்க, அதுக்குள்ள அடங்கணும். அஞ்சு செட் துணி போதும், எல்லா ஊர்லயும் கிலோ கணக்குல துவைச்சு தருவாங்க. ஹாஸ்டல் லாக்கருக்கு ஒரு சின்ன பூட்டும், ஸ்லீப்பர் பஸ்ல ஏசி ரொம்ப குளிரும், அதுக்கு முழுக்கை சட்டை ஒண்ணும் மறக்காம வெச்சுக்குங்க.