பொம்மைச் சிப்பாயின் தலைப்பாகை சரியா என்று பார்ப்பது வீண் வேலையா?

நேற்று இரவு பட்டறையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது உங்கள் கேள்வியைப் பார்த்தேன். "நாற்பது வயதாகிறது. பழைய பொம்மைச் சிப்பாய்கள் சேர்க்கிறேன். அவற்றின் உடை அந்தக் காலத்துப்படி சரியாக இருக்கிறதா என்று தேடிப் படிக்கிறேன். வீட்டில் கேலி செய்கிறார்கள். இது வீண் வேலையா?" என்று கேட்டிருந்தீர்கள். சோறு ஆறிப்போகும் வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீண் வேலை இல்லை. உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். மாதக் கடைசியில் ஒரு பார்சல் வரும். "இதுக்கு எவ்வளவு?" என்று கேட்பார்கள். பாதி விலை சொல்வீர்கள். விருந்தாளி வந்தால் ஷோகேஸைக் காட்டி, "இவருக்கு இன்னும் விளையாட்டுப் புத்தி போகலை" என்பார்கள். நீங்களும் சிரித்து வைப்பீர்கள். இருபது வருஷமாக நானும் அப்படித்தான் சிரித்து வைக்கிறேன், அதனால்தான் இந்த நீளப் பதில்.

எனக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. அப்பா காலத்திலிருந்து வெள்ளிதான். என் பெரிய மாமா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து பங்களாவில் சமையல்காரராக இருந்தார். அந்தக் குடும்பம் பங்களாவை விற்றுவிட்டுப் போனபோது, பரணில் கிடந்த ஒரு பிஸ்கட் டப்பாவை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். மாமா அதை மலையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, "மாப்ளே, ஈயமோ என்னமோ, உருக்கினா எதுக்காச்சும் ஆகும், பாரு" என்று என் கையில் கொடுத்தார்.

உள்ளே பதினான்கு சிப்பாய்கள். ஒவ்வொருவனும் நம் சுண்டுவிரல் உயரம். பழக்கதோஷத்தில் முதல் ஆளைத் தராசில் வைத்தேன். உருவத்துக்கு எடை போதவில்லை. எங்கள் தொழிலில் எடை குறைந்தால் உள்ளே கூடு என்று அர்த்தம். திருப்பித் திருப்பிப் பார்த்ததில் தலையில் ஊசிமுனை அளவு ஒரு துளை தெரிந்தது. லண்டனில் வில்லியம் பிரிட்டன் என்பவர் 1893-இல் கண்டுபிடித்த வார்ப்பு முறை அது என்று பிற்பாடு படித்தேன். உருகிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, அச்சின் ஓரம் இறுகியவுடனே கவிழ்த்து, நடுவில் இருப்பதை வெளியே கொட்டிவிடுவார்கள். மேல் ஓடு மட்டும் நிற்கும். உலோகம் மிச்சம், விலை குறைவு. வெள்ளி வார்க்கிற எவனும் அந்தக் கைவேகத்தை நினைத்துப் பார்த்தால் ஒரு நிமிஷம் மலைத்துத்தான் போவான்.

அதில் ஒருவனுக்குத் துப்பாக்கி உடைந்திருந்தது. பற்றவைத்துவிடலாம் என்று வெங்காரம் தடவி, சாமணத்தில் பிடித்து, ஊதுகுழலை எடுத்தேன். வெள்ளி உருக 961 டிகிரி வேண்டும். ஈயத்துக்கு 327 போதும். அது என் கைக்கு உறைக்கவில்லை. மூன்று நொடியில் கை, தோள், பாதி முகம் எல்லாம் ஒரு துளியாகி அடுப்புக்கரியின் மேல் உருண்டது. இடுப்புக்குக் கீழே மட்டும் நேராக நின்றுகொண்டிருந்தான். அதை இன்னும் தூக்கிப் போடவில்லை. இன்னொருவனுக்குச் சாயம் உதிர்ந்திருக்கிறதே என்று ஹார்டுவேர் கடை எனாமலை வாங்கிப் பூசினேன். பழைய சாயத்தின் மேல் கை வைக்கவே கூடாது என்று எனக்குச் சொல்ல அன்றைக்கு யாரும் இல்லை. உங்களுக்குச் சொல்கிறேன், எவ்வளவு உதிர்ந்திருந்தாலும் பூசாதீர்கள்.

உடையைத் தேட ஆரம்பித்ததும் அந்தப் பூச்சினால்தான். எந்தச் சிவப்பு, காலர் மஞ்சளா பச்சையா என்று தெரியாமல் பூசிவிட்டேனே என்று உறுத்தியது. காலரும் கை மடிப்பும் பட்டாளத்துக்குப் பட்டாளம் நிறம் மாறும், அதை வைத்துத்தான் யார் எந்தப் பட்டாளம் என்று சொல்வார்கள் என்று தெரிந்துகொண்டேன். அப்புறம் படிப்பு நிற்கவில்லை.

சரி, இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்றே வைத்துக்கொள்வோம். ஆறு வருஷத்துக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன்.

என் மகள் படித்த பள்ளியில் ஆண்டுவிழாவுக்குத் தீரன் சின்னமலை நாடகம். நமக்கு அது தூரத்துக் கதை இல்லை. 1805 ஆடியில் கிழக்கிந்தியக் கும்பெனி அவரைத் தூக்கிலிட்டது இங்கே பக்கத்தில் சங்ககிரிக் கோட்டையில். மகள் கூட்டத்தில் ஒரு பெண்ணாக நிற்கிறாள், வசனம் இல்லை. ஒத்திகை பார்க்கப் போனேன். கும்பெனி சிப்பாய்களாக எட்டுப் பையன்கள். எட்டுப் பேருக்கும் வாடகைக் கடையில் எடுத்த போலீஸ் காக்கி, தலையில் தொப்பி, இடுப்பில் லத்தி.

டீச்சரிடம் தனியாகப் போய்ப் பேசினேன். காக்கி என்பதே 1840களில் பெஷாவர் பக்கம் ஒரு படைப்பிரிவில்தான் முதன்முதலில் வந்தது, சின்னமலை தூக்கில் தொங்கி நாற்பது வருஷம் கழித்து, என்று சொன்னேன். அவர் நல்ல மனுஷிதான், கோபப்படவில்லை. "சார், காக்கி போட்டாதான் பாக்குறவங்களுக்கு வெள்ளைக்காரன் போலீஸ்னு புரியும். இதையெல்லாம் யாரு பாக்கப்போறாங்க?" என்றார்.

அந்த 'யாரு பாக்கப்போறாங்க' எனக்கு ஆகவில்லை. மறுநாள் மூன்று பொம்மைகளைப் பஞ்சில் சுற்றி எடுத்துப் போனேன். கூடவே அந்தக் காலத்துத் தஞ்சாவூர் ஓவியர்கள் வெள்ளைக்காரர்களுக்கு விற்பதற்காக வரைந்த படங்களைப் போனில் காட்டினேன். சிப்பாயும் அவன் மனைவியும் ஜோடியாக நிற்கிற படங்கள். இன்று லண்டன் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. மேலே இங்கிலீஷ்காரன் மாதிரி சிவப்புக் கோட்டு, மார்பில் குறுக்கே வெள்ளைப் பட்டை. கீழே தொடை வரைக்கும் வெள்ளை அரைக்கால் சட்டை, அதன் ஓரத்தில் நீல முக்கோணக் கரை. முழங்கால் வெறுமையாக, காலில் செருப்பு. முகம் நம் முகம். நெற்றியில் திருநீறோ நாமமோ, காதில் கடுக்கன்.

டீச்சர் ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பார்த்தார். "இவங்க தமிழ் ஆளுங்களா?" என்று கேட்டார். ஆமாம். கும்பெனியின் மெட்ராஸ் பட்டாளத்தில் பெரும்பாலோர் இந்த மண்ணின் ஆட்கள்தான், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். காக்கியும் லத்தியும் மாட்டிவிட்டால் அது அப்படியே மறைந்துபோகிறது. யாரோ வெளியாள் வந்து யாரையோ தூக்கிலிட்டான் என்று ஆகிவிடுகிறது. சிவப்புக் கோட்டுக்குக் கீழே அந்த வெறும் முழங்காலைக் காட்டினால்தான், அங்கே காவலுக்கு நின்றவனும் ஏதோ ஒரு வயற்காட்டிலிருந்து சம்பளத்துக்குப் போனவன் என்று குழந்தைக்குத் தெரியும்.

உடைச் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். சேலம் குகைப் பகுதியில் ஒரு வயதான டெய்லர், கல்யாண பேண்டு செட்டுக்காரர்களுக்குத் தைத்துத் தைத்துக் கை தேர்ந்தவர், எட்டுக் கோட்டு தைத்தார். நீல முக்கோணத்தை நானும் மகளும் துணிச் சாயத்தில் அச்சு வெட்டி ஒற்றினோம். கடுக்கனை நானே செய்தேன். துளையில்லாத காதுக்கு அழுத்திப் போடுகிற மாதிரி, மெல்லிய வெள்ளித் தகட்டில், எட்டு ஜோடி. ஒரு ஜோடி இரண்டு கிராம் கூட வராது.

கடுக்கனுக்கு ஏன் அவ்வளவு மெனக்கெட்டாய் என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் தேதி. கும்பெனி படையில் உடையை மாற்றச் சொன்ன உத்தரவுகள் 1805 கடைசியிலும் 1806 தொடக்கத்திலும் வந்தவை. பழைய தலைப்பாகை போய்த் தொப்பி போன்ற வட்டத் தலைப்பாகை, அதில் தோலில் செய்த சின்னம். மாட்டுத் தோலா பன்றித் தோலா என்று இந்துவுக்கும் சந்தேகம், முஸ்லிமுக்கும் சந்தேகம். உடுப்பில் இருக்கும்போது நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடையை மழிக்க வேண்டும், மீசைகூட ஒரே மாதிரி இருக்க வேண்டும். 1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற வெள்ளைக்கார அதிகாரி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கிவிட்டான். செத்த சிப்பாய்கள் சுமார் 350 பேர். வெள்ளைக்காரர்கள் நூற்றுக்கு மேல். பிறகு அந்த உத்தரவுகளை வாபஸ் வாங்கினார்கள். கவர்னர் பெண்டிங்கையும் தளபதி கிரடாக்கையும் இங்கிலாந்துக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

ஆக, 1805 ஆடியில் சங்ககிரியில் நிற்கிற சிப்பாய் காதில் கடுக்கன் இருக்க வேண்டும். அடுத்த வருஷம் அதே ஆளுக்கு இருக்கக் கூடாது. தலைப்பாகையின் வடிவத்துக்காக நம் மனுஷர்கள் உயிரை விட்ட நாடு இது. இங்கே உட்கார்ந்துகொண்டு, பொம்மையின் தலைப்பாகை எப்படி இருந்தால் என்ன என்று என்னால் சொல்ல முடியாது.

வேலூர் எழுச்சிக்குத் தலைப்பாகை மட்டுமா காரணம், திப்புவின் பிள்ளைகள் அந்தக் கோட்டையில்தானே காவலில் இருந்தார்கள், சம்பளக் குறை இல்லையா என்று எழுத வருவீர்கள். எல்லாம் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் மூட்டிய தீ அந்த உடுப்பு உத்தரவுதான். கும்பெனி சிப்பாயைத் தூக்கிப் பிடிக்கிறேன், சின்னமலையைக் குறைக்கிறேன் என்றும் யாரும் எழுத வேண்டாம். ஆடிப் பதினெட்டுக்குச் சங்ககிரி ஏறுகிற ஆள் நான்.

நாடகம் நடந்தது. எட்டுப் பையன்களும் வெறும் முழங்காலும் சிவப்புக் கோட்டுமாக மேடையேறியதும் முதலில் சிரிப்பு வந்தது. தூக்குமேடைக் காட்சியில் யாரும் சிரிக்கவில்லை. ஒரு பையன் ஓரத்தில் நின்றான், விளக்கு வெளிச்சத்தில் அவன் காதுக் கடுக்கன் மட்டும் மினுங்கியது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. முடிந்ததும் ஒரு பெரியவர் நேராக என்னிடம் வந்து, "ஏனுங்க, நம்ம ஆளுங்களே காவல் நின்னு தூக்குல போட்ட மாதிரி காட்டிட்டீங்களே, இது தேவையா?" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "நின்றவர்கள் அவர்கள்தானுங்க ஐயா" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் எனக்கு வரவில்லை. அடுத்த வருஷம் அதே நாடகத்துக்குப் பள்ளி மறுபடியும் காக்கிக்கே போய்விட்டது. கடுக்கன் எட்டு ஜோடியும் என் மேசை டிராயரில் இருக்கின்றன.

நேரம் வீண் என்று சொல்கிற சொந்தக்காரர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பொம்மையோடு உட்கார்ந்தால் "அந்த நேரத்துல நாலு ஜோடி கொலுசு கட்டியிருக்கலாம்" என்பார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கொலுசு எங்கே எடுத்தார்கள்? ஏசி ஷோரூமில், மெஷினில் அடித்த கொலுசை, 'சேலம் கொலுசு' என்று சொன்ன விலைக்கு வாங்கினார்கள். கையால் கண்ணி கண்ணியாகக் கோத்துப் பற்றவைத்த கொலுசு எது, அச்சில் அடித்தது எது என்று திருப்பிப் பார்க்கக்கூட அவர்களுக்குத் தெரியாது. எங்கள் தெருவில் நான்கு பட்டறை மூடியாகிவிட்டது. நல்ல கைவேலைக்காரன் ஆட்டோ ஓட்டுகிறான். ஒரு பொருளைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் ஊரில் இருந்திருந்தால் அவன் இன்னும் பட்டறையில் இருப்பான். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் இதைச் சொல்லாமல் என்னால் எழுதி முடிக்க முடியாது.

உங்களிடம் ஈயச் சிப்பாய்கள் இருந்தால் மரப்பெட்டியில் வைக்காதீர்கள். நான் புதிதாகச் செய்த மர அலமாரியில் வைத்து இரண்டு வருஷத்தில் மூன்று பேருக்குக் கால் வெள்ளைப் பொடியாகப் பூத்துவிட்டது. மரத்திலிருந்து கசிகிற அமில ஆவி ஈயத்தைத் தின்னும். ஏற்காட்டுப் பனியில் எத்தனையோ வருஷம் கிடந்தபோது ஒன்றும் ஆகவில்லை, தகர டப்பா காப்பாற்றியிருக்கிறது. கண்ணாடியும் இரும்பும் நல்லது. தொட்டால் கை கழுவுங்கள். சின்னக் குழந்தைகளுக்குப் பிளாஸ்டிக் சிப்பாய் வாங்கிக் கொடுங்கள். அடித்தட்டிலோ குதிரையின் வயிற்றிலோ தேதி இருந்தால் அது அந்த அச்சைப் பதிவு செய்த தேதி, உங்கள் கையில் இருப்பதை வார்த்த தேதி இல்லை. விற்பவன் அதைக் காட்டி விலையை ஏற்றுவான்.

முதல் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் படைச் சிப்பாய் யாராவது இருந்தால், இன்று இரவே ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக் காலைப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே துணிப் பட்டி சுற்றியிருக்கும். காலாட்படைக்காரன் கணுக்காலில் தொடங்கி மேலே சுற்றுவான், முடிச்சு நாடா முழங்காலுக்குக் கீழே நிற்கும். குதிரைப்படைக்காரன் மேலே தொடங்கிக் கீழே இறங்குவான், நாடா கணுக்காலில் நிற்கும். வார்த்தவன் கவனித்துச் செய்திருக்கிறானா, சும்மா கோடு இழுத்திருக்கிறானா என்று அந்த ஓரிடத்திலேயே தெரிந்துவிடும். வீட்டில் அம்மாவையோ பிள்ளைகளையோ பக்கத்தில் கூப்பிட்டு, கண்ணாடியை அவர்கள் கையில் கொடுத்து, நாடா எங்கே முடிகிறது என்று அவர்களையே கேளுங்கள். என் வீட்டில் முதன்முதலில் சரியாகச் சொன்னது என் மனைவி.