பழைய பிக்கப் வாங்கும்போது எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்பே சேஸிஸைப் பார்க்கச் சொல்வது ஏன்?

சேஸிஸ் என்பது வண்டியின் அடியில் முன்னிருந்து பின்வரை ஓடும் இரும்புச் சட்டம். பெரும்பாலான பிக்கப்களில் எஞ்சின், கேபின், சரக்குத் தொட்டி எல்லாமே இதன்மேல்தான் உட்கார்ந்திருக்கும், ஏற்றுகிற பாரமும் கடைசியில் இதன் தலையில்தான் விழும். எஞ்சின் போனால் வேறொன்று மாட்டலாம். சேஸிஸை மாற்ற மொத்த வண்டியையும் கழற்ற வேண்டும், அந்தச் செலவுக்கு வேறு வண்டியே பார்த்துவிடலாம்.

சிக்கல் என்னவென்றால், பல வண்டிகளில் இந்தச் சட்டம் உள்ளே பொள்ளலாக இருக்கும். அதற்குள் புகுந்த சேறும் ஈரமும் எளிதில் காயாது, அதனால் துரு உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். கரையான் அரித்த நிலைக்கதவு பெயின்ட் பளபளப்போடு நிற்குமே, அதே கதைதான். கீழே படுத்து, டார்ச் அடித்து, சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள் (விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்), குறிப்பாகப் பின்சக்கரத்துக்கு மேலேயும், பட்டை ஸ்பிரிங் (பாரம் தாங்கும் வளைந்த இரும்புப் பட்டை) மாட்டியிருக்கும் இடங்களிலும். கணீரென்றால் சரி. சத்தம் மொத்தென்று வந்தாலோ, துரு செதில் செதிலாக உதிர்ந்தாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

அப்புறம், அடியில் புதுக் கறுப்புப் பெயின்ட் இருந்தால் நன்றாகப் பராமரித்த வண்டி என்று பலர் நினைக்கிறார்கள். விற்பதற்கு முன் துருவை மறைக்கவும் அதே பெயின்ட்தான் அடிப்பார்கள்.