சோக முன்கதை வேண்டாம், முடிவெடுக்க விடுங்கள்

உங்கள் குறும்பட நாயகி நன்றாகச் சண்டை போட்டும் 'பெண் வேடம் போட்ட ஆண்' மாதிரி இருக்கிறாள் என்று நண்பர்கள் சொன்னார்கள், அதற்காக ஒரு பாலியல் வன்முறை முன்கதை சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். தேய்ந்துபோன வழி அது.

1979இல் வந்த 'ஏலியன்' என்ற ஹாலிவுட் விண்வெளித் திகில் படத்தின் திரைக்கதையில், பாத்திரங்களை ஆணோ பெண்ணோ யாரும் நடிக்கலாம் என்று குறிப்பே உண்டு. ஆனாலும் அதன் நாயகி ரிப்ளி மனதில் நிற்கிறாள். முகத்தில் ஒரு வேற்றுக்கிரக உயிரி ஒட்டிய நிலையில் வரும் சக ஊழியரை, தொற்று பரவாமலிருக்க விதிப்படி விண்கப்பலுக்குள் விட மறுக்கிறாள். வேறொருவன் கதவைத் திறந்துவிடுகிறான். அப்புறம் அந்த உயிரியால் எல்லோருக்கும் ஆபத்து வருகிறது! ஒரு அடிகூட அடிக்காமல் அவள் யாரென்று அங்கேயே புரிந்துவிடுகிறது.

நீங்கள் எழுதிய சுருக்கத்தில் முக்கிய முடிவுகளை எல்லாம் நாயகியின் அண்ணன்தான் எடுக்கிறான். முதலில் அதை மாற்றுங்கள். ஒரு சண்டைக் காட்சி குறைந்தாலும் பரவாயில்லை.