பறவைப் பதிவுகளை வைத்துச் சரணாலய எல்லை போடலாமா?

யாழ்ப்பாணத்தில் பூநாரை பார்த்த இடங்களைக் கணினி மாதிரிக்குக் கொடுத்து, அது காட்டும் இடத்தைச் சரணாலயம் ஆக்கலாமா என்கிறீர்கள். அது தொடக்கம்தான், அதை மட்டும் வைத்து எல்லை போட முடியாது.

மாக்ஸென்ட் போன்ற மாதிரி, பறவை பதிவான இடங்களின் சூழலைச் சுற்றுப்புறத்தோடு ஒப்பிட்டு, அதே சூழல் வேறு எங்கே உண்டு என்று வரைபடம் தரும். சிக்கல் பதிவுகளில்தான். பண்ணை, அராலி என்ற ஊர்ப்பக்கங்களில் வீதியோரம் நின்று பார்ப்பது எளிது. சுண்டிக்குளத்தின் உட்பகுதிக்குப் போவது கடினம். அப்படியே கொடுத்தால் மாதிரி வீதியைத்தான் படிக்கும், பறவையை அல்ல. அதனால் மாதிரி சுற்றுப்புறமாக எடுத்துக்கொள்ளும் ஒப்பீட்டுப் புள்ளிகளையும் ஆட்கள் போகும் இடங்களிலிருந்தே எடுங்கள்.

அப்புறம் தண்ணீர். மாரியில் நிறைந்து கோடையில் வற்றும் கடல்நீரேரியை, மாதிரிக்குக் கொடுக்கும் ஆண்டுச் சராசரி மழைக் கணக்கு காட்டாது. பருவவாரியான செய்மதிப் படம் கட்டாயம் வேண்டும்.

எல்லை போடுவது அடுத்த வேலை. குறைந்த செலவில் எந்த இடங்களைக் காக்கலாம் என்று தேர்ந்து தரும் மார்க்ஸன் போன்ற மென்பொருளில் மீன்பிடி இழப்பையும் செலவாகச் சேர்க்கலாம். இறால் பிடிப்பவர்களைக் கேட்காமல் அந்த எண்ணைப் போடாதீர்கள்.