எந்தத் தவசி முருங்கை?

வணக்கம் ஐயா,

தோட்டத்துச் சாப்பாட்டைப் பற்றிய உங்கள் கட்டுரையில், தவசி முருங்கைக் கீரையில் முட்டை உடைத்து ஊற்றிச் சமைப்பதை எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டு வேலியிலும் அந்தச் செடி நிற்கிறது. மயிலாடுதுறையில் இருக்கும் என் சின்னம்மாவிடம் சொன்னேன். "சளிக்கு நல்லது, இலையை இடித்துச் சாறு பிழிந்து பிள்ளைக்குக் கொடு" என்றார். படம் அனுப்பினால், இது அது இல்லை என்கிறார். யார் சொல்வது சரி? இனிமேல் அறிவியல் பெயரையும் சேர்த்து எழுதினால் என்ன?

க., சுங்கை சிப்புட்

அன்புள்ள க.,

முதலில், அந்தச் சாற்றைப் பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

சின்னம்மா சொல்வதுதான் சரி. அவருடைய தவசி முருங்கை, ஜஸ்டிசியா டிராங்குபாரியன்சிஸ். ஆடாதோடைக்குச் சொந்தம். பெயரின் பின்பாதியில் ஒளிந்திருப்பது நம் தரங்கம்பாடி. 1620-ல் அங்கே வந்திறங்கிய டேனிஷ்காரர்களின் வாயில் டிராங்கபார் ஆகி, லத்தீனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. மயிலாடுதுறைக்காரருக்கு அது பக்கத்து ஊர்ச் செடி!

உங்கள் வேலியில் நிற்பது சாவ்ரோபஸ் ஆண்ட்ரோகைனஸ். இது நெல்லியின் குடும்பம். மலாயில் சாயூர் மானிஸ், செக்கூர் மானிஸ். சீனர் கடையில் பான்மீ என்ற நூடுல்ஸில் போடும் மானி சாய் இதேதான். தமிழ்நாட்டில் இதைத் தவசிக்கீரை என்பவர்கள் உண்டு. 'தவசி' இரண்டுக்கும் பொதுவாகிப்போனதில்தான் நானும் வழுக்கினேன்.

வேலிக்குப் போய் ஒரு கிளையைத் தூக்கிப் பாருங்கள். இலைகள் மாறி மாறி இருபக்கமும் வரிசையாக, முருங்கை இணுக்குப் போல இருக்கும். அடியில் சட்டைப் பித்தான் மாதிரி தட்டையாகச் சிவந்த பூ, சில சமயம் வெள்ளைக் காய். சின்னம்மாவின் செடியில் இலைகள் எதிரெதிரே இருக்கும், பூவும் உதடு பிரிந்த மாதிரி.

சாறு வேண்டாம் என்றதற்குக் காரணம் இருக்கிறது. 1990களின் நடுவில் தைவானில் உடம்பு இளைக்க வேண்டும் என்று உங்கள் வேலியில் நிற்கும் கீரையைப் பச்சையாக அரைத்துக் குடித்தவர்கள் பலருக்கு நுரையீரல் கெட்டுப்போனது. சிலர் இறந்தும் போனார்கள். ஒருவரின் மருந்துக் குறிப்பு, இன்னொருவரின் செடி, நடுவில் ஒரே பெயர். நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. சமைத்துச் சாப்பிடுவது இங்கே காலங்காலமாக நடப்பது. என் அம்மா காம்பை ஒரு கையில் பிடித்து இலையை ஒரே இழுப்பில் உருவி, உள்ளங்கையில் வைத்துக் கசக்கித்தான் கொதியில் போடுவார். கசக்காவிட்டால் நார் நாராகப் பல்லில் சிக்கும்.

அறிவியல் பெயர் போடச் சொன்னீர்கள். போடுகிறேன். ஆனால் அதுவும் கல்வெட்டு இல்லை. இந்தச் சாவ்ரோபஸை இப்போது பிரெய்னியா ஆண்ட்ரோகைனா என்கிறார்கள். கறிவேப்பிலை முர்ராயா கோனிகியை என்று இருந்தது, இப்போது பெர்கெரா கோனிகியை. செடிகளுக்கு லத்தீன் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் 1771-ல் வைத்த பெயருக்கே திரும்பியிருக்கிறது. அந்தப் பெயரில் இருக்கும் கோனிக் லின்னேயஸின் மாணவர், தரங்கம்பாடியில் வைத்தியம் பார்த்தவர். சுற்றிச் சுற்றி அதே ஊர். முருங்கையின் மொரிங்கா மட்டும் நம் வாயிலிருந்தே போனது.

பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் இந்த லத்தீன் எதுவும் செல்லாது. அங்கே சாயூர் மானிஸ் என்றால்தான் கட்டு கைக்கு வரும்.

சின்னம்மாவிடம் அவர் வீட்டுச் செடி பூத்ததும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.